ருக்குமணியம்மா வீட்டு மாடிச் சூடு

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

"ரிட்டயர் ஆகி ஊட்டுல சும்மாதானுங்களே இருக்கீங்க, புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க மேடம்" என்று உங்கள் மேலாளர் போனில் கேட்டார். நான் சும்மா இருக்கிறேன் என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. காலையில் நடை, பிறகு பேரனோடு மல்லுக்கட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் என்று எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் பேசச் சொன்னால் எனக்கு வாய் நிற்காது, எழுதச் சொன்னாலும் அப்படித்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழிலை நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற வீடு அடுப்பாகக் கொதிக்கிறது, ஏசி போட்டுக் கரண்ட் பில் எகிறுகிறது என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களிடம் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்கிறோம். வெப்பத்தடுப்பு போட நல்ல கான்ட்ராக்டராகப் பிடித்துக் கொடுக்கிறோம். அவர் ஒழுங்காகப் போட்டாரா என்று சரிபார்க்கிறோம். எந்தப் பலகை எத்தனை தடிமன், எந்தப் பூச்சு எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சிலர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உள்ளே ஒரு குண்டு பல்பு எரியும். பெட்டியின் ஒரு பக்கம் வெறும் தகரம், மறுபக்கம் அவர்களுடைய பலகை. "கைய வெச்சுப் பாருங்க சார்" என்பார்கள். வீட்டுக்காரர் தகரத்தைத் தொட்டு ஆவென்று கையை இழுத்துக்கொண்டு, பலகையைத் தொட்டதும் சொக்கிப் போய்விடுவார். நான் ஒருமுறை அப்படி வந்த ஒருவரிடம், "பெட்டியில ஒட்டியிருக்கற இதே பலகையத்தான் மாடியிலயும் போடுவீங்களா?" என்று கேட்டேன். "அதேதானுங்க மேடம்... கொஞ்சூண்டு மெலிசா" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே யாருக்கும் முடியாது என்று சொல்ல வாய் வராது. "பாக்கலாமுங்க" என்றால் முடியாது என்று அர்த்தம். "செஞ்சுபோடலாமுங்க" என்றால் இன்னும் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே நான் கான்ட்ராக்டர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த வேலையை நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்னவர் என் அனுபவத்தில் சலீம் பாய் ஒருவர்தான். உக்கடம் பக்கம் வீடு. "ஒழுகற மாடிக்கு மேல போட மாட்டேனுங்க. மொதல்ல ஒழுகறத நிறுத்திப்போட்டு அப்புறமேட்டுக்கு என்னயக் கூப்பிடச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அவரை நான் விடவில்லை.

இப்போது சொல்லப்போகிற கதை அவர் வேலை செய்த ஒரு வீட்டைப் பற்றியது. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், யாரென்று துருவ வேண்டாம்.

ஆர்.எஸ்.புரத்தில் ருக்குமணியம்மா வீடு. பழைய காலத்து வீடு, கீழே அவரும் அவருடைய வீட்டுக்காரரும். மகன் கார்த்திக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஒரு மாடி எடுத்து மகனையும் மருமகள் நித்யாவையும் அங்கே குடிவைத்தார்கள். நித்யாவுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. வாரத்தில் முக்கால்வாசி நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரும் காதில் மாட்டிய ஹெட்போனுமாக வேலை செய்வாள். மேலே வெயில் தாங்கவில்லை என்று அவள் சொன்னதும், ருக்குமணியம்மா அலைந்து விசாரித்து நம் அலுவலகத்துக்கு வந்தார்.

வந்தவர் முதலில் சொன்னது, "செந்திலுக்குத் தெரிய வேண்டாமுங் அம்மணி" என்பதுதான். செந்தில் அவருடைய அண்ணன் மகன். பெருந்துறையில் பட்டறை வைத்துக் கம்பெனிகளுக்குக் கூரை ஷீட்டும் இரும்பு வேலையும் செய்து கொடுக்கிறவர். அண்ணன் மகன் இந்தத் தொழிலில் இருக்கும்போது அத்தை வெளியாளைப் பிடித்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை கூப்பிடட்டும் என்று அவர் காத்திருந்தார். அவனாகக் கேட்கட்டும் என்று இவர் காத்திருந்தார். கடைசியில் இருவரும் வாயைத் திறக்கவில்லை, வேலை சலீம் பாயிடம் வந்தது. விஷயம் தெரிந்தபோது செந்தில், "பரவால்லீங்க அத்தை" என்று சொன்னாராம். அந்தப் பரவாயில்லை எத்தனை கனமானது என்று ருக்குமணியம்மாவுக்குத் தெரியாதா?

சலீம் பாய் மாசி மாதத்தில் வேலையை முடித்தார். மாடித் தளத்தின் மேல் பலகை பரப்பி, அதற்கு மேல் வெள்ளை ஓடு பதித்து, கைவைத்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் போய்ப் பார்த்து நல்ல வேலை என்று எழுதிக் கொடுத்தேன்.

சித்திரை நடுவில் ருக்குமணியம்மாவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"ஏனுங் அம்மணி, பசங்க சரவணம்பட்டிப் பக்கம் ஃபிளாட்டுக்குப் போறேங்கறாங்க. மேல சூடு இன்னும் தாங்கலையாமா. வெள்ளிக்கிழமை சாவி வாங்கறாங்களாமா." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செந்தில் வந்து பாத்தான். பாய் போட்டதையெல்லாம் பேத்துப்போட்டு வேற போடோணுங்கறான். நாளைக்கே ஆள் கூட்டிட்டு வாரேங்கறான். நான் என்னங்க பண்ணட்டும்? இருக்கறது ஒரே பையனுங்க" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அலுவலகத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். நான் பார்த்துச் சரி என்று சொன்ன வேலையை யாரோ பெயர்க்கப் போகிறார்கள் என்றால் சும்மா இருப்பேனா? சலீம் பாய்க்குப் போன் போட்டேன். அவர் என்னைவிட அமைதியாக இருந்தார். "பேத்துப் பாக்கட்டுங்க மேடம், என்ற கையால போட்டது, ஒரு குத்தம் இருக்காது. ஆனா பேத்தாங்கன்னா அந்தத் தெருவுல இனி எனக்கு வேல இல்லீங்க. பாய் போட்டத ஒறம்பரைக்காரன், சொந்த அண்ணன் மவனே வந்து பேத்தான்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

மறுநாள் காலை செந்திலுடைய ஆட்கள் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். ருக்குமணியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் கீழே இருந்தார்கள். "செந்திலை மூணு மணிக்கு வரச் சொல்லிட்டேனுங்க, அதுக்குள்ள நீங்க பாத்துச் சொல்லிப்போடுங்க" என்றார் ருக்குமணியம்மா. நான் கருவிகளை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கீழ் ஹாலிலிருந்து படியேறினால் மேல் ஹால். மேல் ஹாலிலிருந்து அதே படி தொடர்ந்து மொட்டைமாடிக்குப் போகிறது. படி முடியும் இடத்தில் தகர ஷீட் போட்ட ஒரு சின்னக் கூண்டு, அதற்கு ஒரு கதவு, வெளியே மாடி. நித்யாவின் அறைக் கதவு அந்தப் படியை ஒட்டியே இருந்தது. மாடிக்குப் போக அந்த வீட்டில் வேறு வழி கிடையாது.

அறையைச் சாத்திவைத்துச் சூட்டை அளந்தேன். மேற்கூரையை அளந்தேன், சுவரை அளந்தேன், மாடிக்குப் போய் ஓடுகளை அளந்தேன். எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. சலீம் பாய் வேலையில் குறையே இல்லை. சித்திரை வெயிலுக்கு அந்த அறை எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க முடியுமோ அவ்வளவு இருந்தது.

பெருமூச்சு விட்டேன் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் எனக்குச் சிக்கலே ஆரம்பித்தது. அறை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று நான் கீழே போய்ச் சொன்னால் சலீம் பாய் தப்பித்துவிடுவார், என் பேரும் தப்பித்துவிடும். ஆனால் மருமகள் பொய் சொல்கிறாள் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெண் எந்த முகத்தோடு இருப்பாள்? ஃபிளாட்டுக்குப் போகிறவர்கள் திரும்பியே பார்க்காமல் போய்விடுவார்கள். சூடாக இருக்கிறது என்று சொன்னாலோ பாய் போட்ட ஓடுகளைப் பெயர்த்துவிடுவார்கள். பிள்ளைகளே, கருவி சொல்வதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவதுதான் நேர்மை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நித்யா நல்ல பெண். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ரொம்ப சூடா இருக்குதுங்க மேடம்" என்று சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுடைய நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளிச் சால்வை கிடந்தது. சூட்டில் வேகிறவளுக்கு அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"ஃபிளாட் புடிச்சிருக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க. ஆனா அத்தை செய்யற அரிசிம்பருப்புச் சாதம் அங்க கெடைக்காதுங்களே" என்று சிரித்தாள். சிரித்தபோதே கண் கலங்கிவிட்டது. மாமியாரைப் பிடிக்காதவள் இல்லை இவள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்படியானால் ஏன் போகிறாள்?

பதில் அதற்குள்ளாகவே படியேறி வந்துவிட்டது. முதலில் வேலைக்காரம்மா, துணி வாளியோடு. "ஏங் கண்ணு, வேலையா இருக்கியா? நீ பாரு சாமி, நா இப்படியே போயிர்றேன்" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனார். போகும்போது கதவோரம் நின்று கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்தது ருக்குமணியம்மா, வத்தல் தட்டோடு. "இரு இரு, எந்திரிக்காத கண்ணு, வத்தலக் காயப் போட்டுப்போட்டு வந்துர்றேன்" என்றார். பின்னாலேயே அவருடைய வீட்டுக்காரர், தண்ணித் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க. அதன் பிறகு பக்கத்து வீட்டு அம்மா வத்தலைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுத் திரும்புகையில் அறைக்குள் தலையை நீட்டி, "இன்னிக்கு என்னங் கண்ணு சமையல்?" என்று கேட்டார். நித்யா அந்நேரம் கம்பெனி மீட்டிங்கில் இருந்தாள். காமிராவில் அவளுக்குப் பின்னால் அந்த அம்மாவின் தலை தெரிந்திருக்கும். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்திருக்க வேண்டும், நித்யாவின் காது சிவந்துவிட்டது.

இத்தனை பேரும் எத்தனை மரியாதையாக வந்து போனார்கள் என்று பார்த்தீர்களா? ஒருவர் குரலிலும் ஒரு கடுமை கிடையாது. எரிந்துவிழுகிற மாமியாராக இருந்தால் மருமகள் ஒரு சண்டை போட்டுவிட்டு ஜம்மென்று இருந்திருப்பாள். கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டே வருகிறவர்களிடம் என்னவென்று சொல்வது? கதவைச் சாத்திக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள் நடமாடும்போது மருமகள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டால் அது வேறு பேச்சாகிவிடும். இந்த ஊரில்தான் ஒரு மாடியை முழுசாகப் பலகை போட்டு மூடிவிட்டு, அதையும் பெயர்க்கத் துணிவார்கள். கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒரு சாத்திய கதவு. அதைச் சொல்ல வழியில்லாமல் சூடு என்கிறாள். எனக்கு இது புரிந்தது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் குடும்பப் பஞ்சாயத்துக்குப் போனவள் இல்லை, சூட்டை அளக்கப் போனவள். சூட்டைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசவும் எனக்கு உரிமை கிடையாது. பொய் சொல்லவும் நாக்கு வராது.

சரி, கதவு திறந்தே கிடக்கிறதே, அதோடு சேர்த்து அளந்து பார்ப்போமே என்று மறுபடி கருவியை எடுத்தேன். அறை எப்படி உபயோகத்தில் இருக்கிறதோ அப்படித்தானே அளக்க வேண்டும்? மாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. வத்தலும் துணியும் காயும்வரை அதை யாரும் சாத்துவதில்லையாம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று அந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பித்திருந்தது. மாடியில் காய்ந்த அந்தக் காற்று நேராகக் கூண்டுக்குள் நுழைந்து படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. நித்யாவின் மேசைப் பக்கம் சூடு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. பிரமாதமாக இல்லை. ஆனால் இருந்தது. எனக்கு அது போதும்.

மூன்று மணிக்குச் செந்தில் வந்தார். வாசலில் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் நின்றார்கள். சலீம் பாயும் வந்து ஓரமாக நின்றார். கார்த்தி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தான். எல்லோரும் மேல் ஹாலில் கூடினோம். ருக்குமணியம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

செந்தில் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. சிவப்புப் புள்ளியை எங்கே காட்டுகிறோமோ அந்த இடத்துச் சூட்டைச் சொல்லும். அவர் விறுவிறுவென்று படியில் பாதி ஏறி, கூண்டின் தகர ஷீட்டில் புள்ளியை வைத்தார். "அத்தை, இங்க வந்து பாருங்க! இதுல தோசை சுடலாம். இதான் பாய் பண்ணுன லட்சணம்!" என்றார்.

சலீம் பாய் வாயைத் திறந்தார். அந்த ஷீட் அவருடைய வேலையே இல்லை, மாடித் தளம் மட்டும்தான் அவருடையது. அவர் அதைச் சொல்லியிருந்தால் செந்தில் பதில் சொல்லியிருப்பார், இவர் ஒன்று சொல்லியிருப்பார், கடைசியில் மருமகள் சொன்னது உண்மையா பொய்யா என்று வந்து நின்றிருக்கும். நான் பாயைப் பார்த்து ஒரு கையைக் காட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மனுசனுக்கு அதற்காக நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

"செந்தில் தம்பி சொல்றது சரிதானுங்க" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செந்திலே கொஞ்சம் திடுக்கிட்டுவிட்டார். என்னிடம் மல்லுக்கு நிற்க என்னென்னவோ தயார் செய்துகொண்டு வந்திருப்பார் போல.

"ஏனுங் அம்மா, ஒரு ஊதுபத்தி கொண்டு வாங்க" என்றேன் ருக்குமணியம்மாவிடம்.

பூஜை அறையிலிருந்து கொண்டுவந்தார். பற்றவைத்து, படியின் மேல் பகுதியில் கூண்டுக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். புகை மேலே போகவில்லை. மாடியிலிருந்து வந்த காற்று அதைப் பிடித்துத் தள்ள, படி வழியாகக் கீழே இறங்கி, ஹாலில் ஒரு திருப்பம் திரும்பி, நேராக நித்யாவின் அறைக்குள் போனது. புகையின் பின்னாலேயே அறைக்குள் போன கார்த்தி, "அட, இங்க மணக்குதுங்க!" என்று கத்தினான். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகப் போய்விட்டது.

"பாத்தீங்களா? தளத்து வழியா சூடு வரல. அதைப் பாய் நல்லா அடைச்சுட்டாரு. இந்த வழியா வருது. தம்பி கண்டுபிடிச்ச இந்த ஷீட்டுக்குக் கீழ காத்து வெந்து, படியில எறங்கி, நித்யா ரூமுக்குள்ள போகுது. உள்ள ஓடற ஏசி எல்லாம் மாடியில இருக்கற காக்காவுக்குத்தான் போய்ச் சேருது. மாடிக் கதவு திறந்து கெடக்கற வரைக்கும் அந்தப் பொண்ணுக்குச் சூடாத்தான் இருக்கும்" என்றேன்.

நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். ருக்குமணியம்மா ஊதுபத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டது அவருடைய வீட்டுக்காரர். அதுவரை அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

"மாடிக் கதவ நிரந்தரமா சாத்திப்போடோணுங்க. நித்யா ரூம் கதவும் பகல்ல சாத்தியே இருக்கோணும். யாரும் இந்த வழியா போய்ட்டு வந்துட்டு இருந்தா சூடு உள்ள வந்துட்டேதான் இருக்கும். மாடிக்குப் போறதுக்கு வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படி வெச்சுக்கோங்க. நல்ல இரும்பு வேலைக்கு ஆள் வேணும்..." என்று இழுத்தேன்.

"நான் இருக்கறப்ப ஆள் எதுக்குங்க?" என்றார் செந்தில். "பெருந்துறையில பட்டறை வெச்சுட்டு என்ற அத்தைக்கு ஒரு படி அடிச்சுக் குடுக்க மாட்டனா? இந்தக் கூண்டு ஷீட்டுக்கும் அடியில நானே பலகை போட்டுத் தாரேன்." அப்படியே பாயின் பக்கம் திரும்பி, "உங்க வேல நல்லாத்தான் இருக்குதுங்க பாய்" என்று சொல்லிவிட்டார். நம் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் போகிற வேகம் வருகிற வேகத்தை மிஞ்சிவிடும். வாசலில் கடப்பாரையோடு நின்ற ஆட்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் முழுக் கதையையும் நான் சொல்லவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். எந்த உண்மையை முதலில் எடுத்து வைக்கிறோம், எதை அவரவர் வாய்க்கே விட்டுவிடுகிறோம் என்பதில்தான் நம் தொழிலில் பாதி இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் போனால் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பாருங்கள். கதவுகள் எப்போதெல்லாம் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். சாத்திவைத்து அளந்துவிட்டு வந்தால் யாரும் வாழாத ஒரு வீட்டைத்தான் நீங்கள் அளந்திருப்பீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் சாவி வாங்கப் போகவில்லை. படி வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கார்த்தி சொல்லியிருந்தான். அந்தப் "பாக்கலாமுங்க"வைக் கேட்டு ருக்குமணியம்மாவுக்குத் தூக்கமே வரவில்லையாம். எனக்கும் உள்ளூரப் பயம்தான். நான் நினைத்தது தப்பாக இருந்து, அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே தனிவீடுதான் வேண்டும் என்றால்? படி வந்த பிறகும் சூடு என்று சொல்லிவிட்டால் எடுத்துச் சொல்ல என்னிடம் இன்னொரு காரணம் இல்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தபோது வேலையைச் சரிபார்க்கப் போனேன். பக்கச் சுவரை ஒட்டிப் பச்சை வண்ணம் அடித்த இரும்புப் படி, கைப்பிடியெல்லாம் வைத்து ஜோராக நின்றது. செந்தில் அத்தைக்காகப் படிகளை உயரம் குறைவாக அடித்திருந்தார். ருக்குமணியம்மாவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "யாரையும் தொந்தரவு பண்ணாம நான் பாட்டுக்கு மேல போய்ட்டு வாரேனுங்க" என்றார். அவருக்கு வாழ்க்கையில் ஒரு சொந்த வழி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

உள்படி வழியாக மேலே போனேன். நித்யாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்து, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றாள். ஏசி ஓடவில்லை, மின்விசிறி மட்டும்தான். நாற்காலி முதுகில் சால்வையைக் காணோம். "இப்ப நல்லா ஜில்லுனு இருக்குதுங்க மேடம்! ஃபிளாட்காரருகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டோம்" என்றாள்.

பழக்க தோஷம், கருவியை எடுத்துப் பார்த்தேன். வெளியே கத்திரி கொளுத்துகிறதே, அறை மட்டும் என்ன செய்யும்? தாங்கவே முடியவில்லை என்று அவள் சொன்ன அன்றைக்குக் கதவைத் திறந்துவைத்து அளந்தபோது என்ன காட்டியதோ, அதேதான் இன்றும் காட்டியது. நான் கருவியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "ஆமா கண்ணு, நல்ல ஜில்லுனுதான் இருக்குது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கிளம்பும்போது ருக்குமணியம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வெளிப்படி ஏறி மாடிக்குப் போனேன். ஒற்றையாக நின்று வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "பசங்க போகலீங்களாமா, நித்யா சொன்னா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தப் புகை எறங்கி அவ ரூமுக்குள்ள போச்சுதுங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங் அம்மணி" என்றார்.

"என்ன தெரிஞ்சுதுங்க?"

அவர் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப எங்க ரூமு வழியாத்தானுங்க எல்லாரும் தோட்டத்துக்குப் போவாங்க. கதவச் சாத்திக்கோணும்னு எனக்கு அத்தனை ஆசையா இருக்கும். என்ன சொல்லிக் கேக்கறதுன்னுதான் தெரியலீங்க. இந்தப் புள்ள கெட்டிக்காரி, சூடுன்னு சொல்லிப்போட்டா."